மூன்று நிமிஷ ஆட்டத்துக்கு மூன்று மணி நேரப் பயணம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிளஸ் ஒன் படிக்கும் என் பேரன் காலை ஆறரை மணிக்கே குளித்துவிட்டுத் தயாராக நின்றான். விடுமுறை நாளில் ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்து நான் பார்த்ததில்லை. சிதம்பரத்தில் வீடியோ கேம் போட்டியாம். 'டெக்கென்' என்று ஒரு சண்டை விளையாட்டு. நுழைவுக் கட்டணம் 200 ரூபாய். இரண்டு மாதமாக இதற்காகவே பழகிக்கொண்டிருந்தான். அவன் பாட்டி தயிர்சாதமும் மாவடுவும் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். மஞ்சக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் கொண்டுபோய் கடலூர் பஸ் ஸ்டாண்டில் நான்தான் ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் வருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம்.

"என்னடா, அதுக்குள்ள வந்துட்டே?"

"தோத்துட்டேன் தாத்தா. ஃபர்ஸ்ட் ரவுண்டு."

"எவ்ளோ நேரம் ஆடினே?"

"மூணு நிமிஷம் இருக்கும்."

"மூணு நிமிஷமா! ஒரே ஒரு ஆட்டம்தானா?"

"ஆமா. செமி ஃபைனல்லேர்ந்துதான் மூணு கேம். ஃபைனல் அஞ்சு கேம்."

தயிர்சாத டப்பா திறக்காமலேயே திரும்பி வந்திருந்தது. போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம், நடுவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தது வேறு. ஆடியது மூன்று நிமிஷம்.

பையன் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. தோற்கத்தான் போட்டிக்குப் போகிறோம். 32 பேரில் 31 பேர் தோற்றே ஆகவேண்டும். ஆனால் கடைசியாக அவன் சொன்னது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் சுற்றுக்கு ஒரு ஆட்டம், இறுதிச் சுற்றுக்கு ஐந்து ஆட்டம். இது சரியா என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உறுத்தியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதே மாதிரி நானும் ஒரு தடவை திரும்பி வந்திருக்கிறேன்.

1981-ஆம் வருஷம் என்று ஞாபகம். அப்போது எனக்குச் சிதம்பரத்தில் வேலை. மாலை நேரங்களில் கீழவீதிப் பக்கம் ஒரு மாடி அறையில் கேரம் ஆடுவோம். 29 புள்ளி ஆட்டம், மூன்றுக்கு இரண்டு ஜெயிக்க வேண்டும். ஓரளவு நன்றாகவே ஆடுவேன். கடலூரில் அலுவலர்களுக்கான ஒரு போட்டி என்று அறிவிப்பு வந்தது. பெயர் கொடுத்தேன். மீட்டர் கேஜ் பாசஞ்சர் ரயிலில், சொந்த ஸ்ட்ரைக்கரைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் இறங்கினேன்.

பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய போட்டி, சிறப்பு விருந்தினர் வராததால் பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. குத்துவிளக்கு, பொன்னாடை, பேச்சு எல்லாம் முடிந்தபிறகு செயலாளர் மைக்கைப் பிடித்தார். "நேரமின்மை காரணமாக முதல் இரண்டு சுற்றுகளும் நான்கு போர்டு மட்டுமே." முதல் போர்டில் கை நடுங்கியது. இரண்டாவதில் பலகையின் வேகம் பிடிபடவில்லை. எங்கள் மாடி அறைப் பலகையைவிட அது வழவழப்பு. மூன்றாவது போர்டு என்னுடையது. நான்காவதில் ரெட் போட்டு ஃபாலோ போட முடியாமல் விட்டேன். முடிந்தது. அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

அன்று மாலை இறுதி ஆட்டம் மூன்று முழு ஆட்டங்களாக, நடுவில் டீ, பிஸ்கட் இடைவேளையோடு நடந்தது. ரயில் வரும்வரை வேறு வேலை இல்லாததால் நின்று பார்த்தேன். என்னை ஜெயித்தவர் என்னைவிட நன்றாக ஆடக்கூடியவர்தான். முழு ஆட்டம் ஆடியிருந்தாலும் நான் தோற்றிருக்கலாம். ஆனால் 'தோற்றிருக்கலாம்' என்பதற்கும் 'தோற்றேன்' என்பதற்கும் நடுவில் இருப்பதைத் தெரிந்துகொள்ளத்தானே ரயில் ஏறிப் போனேன்? அது கடைசிவரை தெரியாமல் போய்விட்டது.

நான் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன். ஒன்று மனசை அரித்தால் தாளும் பேனாவும் எடுத்துவிடுவேன். இரண்டு ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள். ஒருவர் சற்றுக் கெட்டிக்காரர். பத்து ஆட்டம் ஆடினால் சராசரியாக ஆறு ஜெயிப்பார், மற்றவர் நான்கு. ஒரே ஆட்டம் வைத்தால் கெட்டிக்காரர் ஜெயிக்க நூற்றுக்கு 60 வாய்ப்பு. மூன்றில் இரண்டு என்று வைத்தால் அது 65 ஆகிறது. ஐந்தில் மூன்று என்றால் 68. ஏழில் நான்கு என்றால் 71.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஆட்டம் நீள நீள, நல்லவர் ஜெயிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் மெதுவாகத்தான் கூடுகிறது. ஏழு ஆட்டம் வைத்தாலும் பத்துக்கு மூன்று முறை மற்றவர் ஜெயித்துவிடுவார். எனவே 'உண்மையான சாம்பியனைக் கண்டுபிடிக்கத்தான் ஃபைனலை ஐந்து ஆட்டமாக வைத்தோம்' என்ற பேச்சில் பாதிதான் உண்மை. முதல் சுற்றிலேயே ஒற்றை ஆட்டத்தில் பத்துக்கு நான்கு கெட்டிக்காரர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சியவர்களுக்கு மட்டும் கடைசியில் நிதானமாகப் பரீட்சை வைப்பதில் என்ன நியாயம்? வடிகட்டியில் பெரிய ஓட்டையை மேலே வைத்துவிட்டுக் கீழே பட்டுத்துணி கட்டுகிற கதைதான்.

இங்கே ஒருவர் கேட்கலாம்: "சார், ஆட்டம் சின்னதாக இருந்தால் சின்ன ஆளுக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கிறதே? உங்கள் பேரனுக்கு அது நல்லதுதானே?" கேள்வி சரிதான். டெஸ்டில் பெரிய அணியிடம் நிற்க முடியாத அணி இருபது ஓவரில் ஒரு நாள் ஜெயித்துவிடுகிறது. பார்ப்பவர்களுக்கும் அதில் சுவாரஸ்யம். நான் மறுக்கவில்லை.

ஆனால் என் பேரனிடம் கேட்டேன். அவன் சொன்னது வேறு. அந்த விளையாட்டில் ஒரு சுற்று 60 வினாடி. மூன்று சுற்று ஜெயித்தால் ஒரு ஆட்டம். எதிரில் உட்காருபவன் யார், எந்தப் பாத்திரத்தை வைத்து ஆடுகிறான், எந்த அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறான் என்பது முதல் ஆட்டத்தில்தான் தெரியுமாம். மூன்று ஆட்டம் வைக்கும் போட்டிகளில், தோற்றவன் இரண்டாவது ஆட்டத்துக்குத் தன் பாத்திரத்தை மாற்றிக்கொள்ளலாம்; ஜெயித்தவன் மாற்றக்கூடாது. "ரெண்டாவது கேம்லதான் தாத்தா யோசிச்சு ஆட முடியும்" என்றான். 1981-இல் அந்தக் கேரம் பலகையின் வேகம் எனக்குப் பிடிபட்டதும் மூன்றாவது போர்டில்தான். சின்ன ஆளுக்கு வேண்டியது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. தன் தப்பைத் திருத்திக்கொள்ள இன்னொரு ஆட்டம். ஒற்றை ஆட்டத்தில் அதுதான் கிடைப்பதில்லை.

அதற்காக ஆட்டத்தை நீட்டிக்கொண்டே போனால் நியாயம் கூடிக்கொண்டே போகும் என்றும் நினைக்கவேண்டாம். 1984 செப்டம்பரில் மாஸ்கோவில் கார்ப்போவும் காஸ்பரோவும் உலகச் செஸ் பட்டத்துக்காக உட்கார்ந்தார்கள். முதலில் ஆறு ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பட்டம். டிரா கணக்கில் வராது. மொத்தம் இத்தனை ஆட்டம்தான் என்று எல்லை இல்லை. 48 ஆட்டம் நடந்தது. அதில் 40 டிரா. கார்ப்போவ் ஐந்து, காஸ்பரோவ் மூன்று என்ற நிலையில் 1985 பிப்ரவரியில் முடிவே இல்லாமல் நிறுத்திவிட்டார்கள். அடுத்த போட்டிக்கு 24 ஆட்டம் என்று எல்லை வைத்தார்கள். நம்ம கேரம் விதி இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமானது. 25 புள்ளி அல்லது எட்டு போர்டு, எது முதலில் வருகிறதோ அதோடு ஒரு ஆட்டம் முடிந்தது. மூன்றுக்கு இரண்டு ஜெயிக்கவேண்டும். ஆட இடமும் இருக்கிறது, முடிய எல்லையும் இருக்கிறது.

ஆக, நான் கேட்பது நீளம் இல்லை. முதல் சுற்றில் தோற்பவனுக்கும் கடைசிச் சுற்றில் ஜெயிப்பவனுக்கும் ஒரே அளவுகோல் இருக்கவேண்டும் என்பதுதான்.

அளவுகோல் மாறினால் எவ்வளவு பெரிய ஆளும் அடிபடுவார் என்பதற்கு நம்ம ஆனந்தே சாட்சி. 1997 டிசம்பரில் நெதர்லாந்தின் கிரோனிங்கனில் உலகச் செஸ் பட்டத்தை நாக்-அவுட் முறையில் நடத்தினார்கள். ஆனந்த் ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து வந்தார். அங்கே நடந்த கடைசிச் சுற்றில் இங்கிலாந்தின் ஆடம்ஸோடு வழக்கமான ஆட்டங்கள் சமம், விரைவு ஆட்டங்களும் சமம், கடைசியில் 'ஜெயித்தால் இருப்பு, தோற்றால் வீடு' என்ற ஒற்றை ஆட்டத்தில்தான் தப்பித்தார். அது முடிந்தது டிசம்பர் 30. ஜனவரி 2-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் லோசானில் இறுதிப்போட்டி. எதிரில் கார்ப்போவ். அவர் கிரோனிங்கனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. நேரே இறுதிக்கு வந்து உட்காரும்படி விதி. அப்படியும் ஆறு ஆட்டத்தில் 3-3 என்று ஆனந்த் சமன் செய்தார். விரைவு ஆட்டத்தில் 2-0 என்று கார்ப்போவ் ஜெயித்துவிட்டார். பேப்பரில் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 2000-இல், டில்லியில் தொடங்கி டெஹ்ரானில் முடிந்த போட்டியில் ஆனந்த் அதே நாக்-அவுட் முறையில் உலகப் பட்டத்தை ஜெயித்தார் என்பது வேறு விஷயம். அந்தத் தடவை இறுதியில் யாருக்கும் இடம் போட்டு வைக்கவில்லை.

சரியாக நடத்தவும் முடியும் என்பதற்கும் செஸ்ஸிலேயே உதாரணம் உண்டு. 2023-இல் பாகூவில் நடந்த உலகக் கோப்பை. 206 பேர், நாக்-அவுட். ஆனால் முதல் சுற்றில் ஆடியவருக்கும் இரண்டு ஆட்டம், ஒன்று வெள்ளையில், ஒன்று கறுப்பில். இறுதியில் ஆடிய கார்ல்சனுக்கும் நம்ம பிரக்ஞானந்தாவுக்கும் அதே இரண்டு ஆட்டம். சமமானால் எல்லாருக்கும் அதே விரைவு ஆட்டம். பிரக்ஞானந்தா நாகமுராவையும் காருவானாவையும் அப்படித்தான் ஜெயித்தார். கார்ல்சனிடம் அப்படித்தான் தோற்றார். தோற்றபோது நமக்கு வருத்தம் இருந்தது. விதியின் மேல் புகார் இல்லை.

அடுத்தது இரண்டாவது வாய்ப்பு. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது புதிதில்லை. ஐபிஎல்லில் 2010 வரை சாதாரண அரையிறுதிதான். 2011 முதல், லீக்கில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகள் ஒன்றோடொன்று மோதும். தோற்ற அணிக்கு இன்னொரு ஆட்டம் உண்டு. 2019-இல் சென்னை அணி சேப்பாக்கத்தில் மும்பையிடம் தோற்றது. வீட்டுக்குப் போகவில்லை. விசாகப்பட்டினத்தில் டில்லியை ஜெயித்து, மறுபடி மும்பையையே இறுதியில் சந்தித்தது. ஒரு ரன்னில் தோற்றது. அந்தக் கதையை மறுபடி கிளற வேண்டாம். அந்த இரண்டாவது வாய்ப்பு, 14 லீக் ஆட்டம் ஆடிச் சம்பாதித்தது. அதனால் யாருக்கும் குறை இல்லை.

பேரனின் உலகத்தில் இதை எல்லாருக்குமே கொடுக்கிறார்கள். 'டபுள் எலிமினேஷன்' என்று பெயர். ஒரு தடவை தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போவாய். இரண்டாவது தடவை தோற்றால்தான் வெளியே. அமெரிக்காவில் நடக்கும் 'இவோ' என்ற பெரிய சண்டை விளையாட்டுப் போட்டியே இந்த முறையில்தான் நடக்கிறதாம். 2021-இல் ருமேனியாவில் 'டோட்டா 2' விளையாட்டின் உலகப் போட்டி நடந்தது. டீம் ஸ்பிரிட் என்ற அணி மேல் பிரிவில் முதல் மோதலிலேயே தோற்றுக் கீழே இறங்கியது. அங்கிருந்து ஒவ்வொன்றாக ஜெயித்து ஏறி, இறுதியில் 3-2 என்று கோப்பையை வாங்கியது. சாதாரண நாக்-அவுட்டாக இருந்திருந்தால் அந்த அணி முதல் மோதலோடு மூட்டை கட்டியிருக்கும்.

இதிலும் ஒரு நெருடல் உண்டு. அந்த இறுதியில் தோற்ற பிஎஸ்ஜி எல்ஜிடி என்ற அணி அதுவரை மேல் பிரிவில் ஒரு மோதலில்கூடத் தோற்கவில்லை. எல்லாருக்கும் இரண்டு தோல்வி வரை அனுமதி என்றால், அவர்களுக்கு மட்டும் ஏன் ஒரே தோல்வியில் முடிந்தது? இவோவில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். கீழிருந்து வந்தவர் மேலிருப்பவரை இரண்டு தடவை ஜெயிக்கவேண்டும். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

இவ்வளவு சொல்கிற நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. தொண்ணூறுகளில் எங்கள் பகுதி இளைஞர்கள் நடத்திய மின்னொளி கபடிப் போட்டிக்கு என்னைக் கமிட்டியில் போட்டார்கள். கணக்கு வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே! எதிர்பார்த்தது 16 அணி. வந்தது 30-க்கு மேல். கட்டணம் வருகிறது என்று எல்லாரையும் சேர்த்துக்கொண்டோம். கபடியில் ஆண்களுக்குப் பாதிக்கு 20 நிமிஷம் என்பது முறை. இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து கணக்குப் போட்டேன், விடிந்தாலும் முடியாது. "முதல் ரவுண்டு பாதிக்கு ஏழு நிமிஷம்" என்று எழுதிக் கொடுத்தது நான்தான்.

பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மீனவர் குப்பத்து அணி வேனில் வந்திருந்தது. முதல் பாதியில் பின்தங்கி, இரண்டாவது பாதியில் ஏறிக்கொண்டே வந்தார்கள். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் விசில் ஊதியாகிவிட்டது. அவர்கள் கேப்டன் என் மேஜைக்கு வந்தார். சண்டை போடவில்லை. "சார், நாளைக்குத் தொழிலுக்குப் போவாம இதுக்குன்னு வந்தோம் சார்" என்று மட்டும் சொன்னார். "டைம் இல்லப்பா, எல்லாருக்கும் அதே ரூல்தான்" என்றேன். அது பொய். காலிறுதியிலிருந்து பாதிக்கு இருபது நிமிஷம் என்று எழுதிய தாள் என் கையில்தான் இருந்தது. 1981-இல் மைக்கைப் பிடித்த செயலாளரை அதுவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவன், அன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதையே செய்தேன்.

அதனால் நடத்துபவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். மண்டபத்துக்கு வாடகை, ஜெனரேட்டருக்கு டீசல், போலீஸ் அனுமதி இத்தனை மணி வரை, பரிசு கொடுக்க வருகிறவர் இத்தனை மணிக்குக் கிளம்பிவிடுவார். ஆனால் நேரம் போதாது என்று தெரிந்தால் குறைக்கவேண்டியது ஆட்டத்தை இல்லை, அணிகளின் எண்ணிக்கையை. நாங்கள் செய்த தப்பு கடிகாரத்தில் இல்லை, கட்டணப் பெட்டியில்.

பேரன் போன போட்டிக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். 32 பேர், இரண்டு டிவி. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒருவர் தோற்கிறார்; 31 பேர் தோற்கவேண்டும்; எனவே நாக்-அவுட்டுக்கு 31 மோதல். எல்லா மோதலையும் மூன்றுக்கு இரண்டு என்று வைத்து, ஆள் மாறி உட்காருவதையும் சேர்த்துக் கால் மணி நேரம் என்று தாராளமாகவே போட்டால், இரண்டு டிவியில் நான்கு மணி நேரம். காலை பத்துக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்கு முடிந்திருக்கும். நேரம் இல்லை என்று சொல்ல இடமே இல்லை!

இரண்டாவது வாய்ப்பும் வேண்டுமென்றால் 16 பேரோடு நிறுத்திக்கொள்ளலாம். 15 பேர் ஆளுக்கு இரண்டு தடவை தோற்கவேண்டும், 30 மோதல். ஜெயிப்பவர் ஒரு தடவை தோற்றிருந்தால் 31. அதே நான்கு மணி நேரம்தான். 32 பேரிடம் கட்டணம் வாங்கிப் பாதிப் பேரை ஒரே மோதலில் அனுப்புவதா, 16 பேரிடம் வாங்கி எல்லாருக்கும் குறைந்தது இரண்டு மோதல் கொடுப்பதா? கேள்வி நேரத்தைப் பற்றியது இல்லை, 3,200 ரூபாயைப் பற்றியது. அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டால் பாதி வழக்கு தீர்ந்தது.

பொங்கல் வருகிறது. நம் பக்கத்துத் தெருக்களிலும் ஊர்களிலும் கேரம், கபடி, செஸ், இப்போது வீடியோ கேம் என்று போட்டிகள் நடக்கும். நடத்தப்போகும் தம்பிகளுக்கு இந்தக் கிழவன் கேட்பது மூன்றே விஷயம். பரிசுத் தொகையை எவ்வளவு பெரிய எழுத்தில் போடுகிறீர்களோ, அதற்குப் பக்கத்திலேயே முதல் சுற்று எத்தனை ஆட்டம், எத்தனை நிமிஷம் என்றும் போடுங்கள். போட்டதை, சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார் என்பதற்காக மாற்றாதீர்கள். வேண்டுமானால் பேச்சைக் குறையுங்கள். இறுதி ஆட்டத்தை நீட்ட ஆசையிருந்தால் நீட்டிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் சுற்றுக்காரனுக்கு விதிப்படி உள்ள முழு ஆட்டத்தைக் கொடுத்தபிறகு.

நேற்று சாயங்காலம் பேரன் மொட்டை மாடியில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். நெய்வேலியில் அடுத்த மாதம் இன்னொரு போட்டியாம். "அண்ணா, ஃபர்ஸ்ட் ரவுண்டு எத்தனை கேம்?" என்று கேட்டான். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். "கேட்டுட்டுச் சொல்றீங்களா? சரிண்ணா, சொன்னப்புறம் பணம் போடறேன்" என்று வைத்துவிட்டான்.

இன்னும் பதில் வரவில்லை.